சேர்தலும் இணைதலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை. பேசும்போது நேரம் கருதிச் சுருக்கிய சில பகுதிகள் இங்கு விரித்து எழுதப்பெற்றுள்ளன.)



‘மொழிபெயர்ப்பும் கவிதையும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் பணித்திருந்தார். பெரிய தலைப்பு அது. ஒரு மணி நேரத்தில் அதனை அடக்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆகவே அதிலிருந்து ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘ஜாயின்’ என்னும் ஆங்கிலச் சொல்தான் அது. தமிழ்ப் பேராசிரியை ஆங்கிலச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று எண்ண வேண்டா. அந்தச் சொல்லை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவள் என் மாணவி ஒருத்தி. அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அதற்கு நான் தேடிய விடையே இந்த உரை.

கல்வராயன் மலைமேல் உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து கீழே இறங்கி வந்து பயின்றவள் அவள். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றிற்காகத் தன்னைப் பற்றிய குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருந்தது. தமிழில் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தாள். “நான் கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். பாட்டியோடு சேர்ந்து வளர்ந்தேன். ஆறாம் வகுப்பில் விடுதிப் பள்ளியில் சேர்ந்தேன்.” குறையொன்றும் இல்லாத தமிழ். அகராதியைப் பார்த்து மூன்று இடத்திலும் ‘ஜாயின்’ என்றே ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தாள். முதல் வாக்கியம் ‘ஐ ஜாயின்ட் கல்வராயன் ஹில்ஸ்’ என்று ஆகியிருந்தது. ஏதோ அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்தாற்போல மலையில் சேர்ந்துவிட்டாள். துறையறையில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. முகம் சிறுத்து நின்றவள், சற்று நேரம் கழித்து, “அம்மா, அப்படியானால் மலையைச் சேர்ந்தவள் என்று தமிழில் எழுதியிருக்கிறேனே, அது சரி என்கிறீர்கள். நான் எப்போது போய்ச் சேர்ந்தேன்? அங்கேயேதானே பிறந்தேன்?” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. இருபது ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவள் நான். ‘சேர்ந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம் என்று உறக்கத்திலும் சொல்வேன். இறந்தகாலம் என்றால் அந்தச் செயல் நடந்த நேரம் எது என்பதுதான் அவள் கேள்வி.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம்.

‘ஜாயின்’ இலத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்திற்குள் புகுந்த சொல். அதன் வேர் எருதுகளை நுகத்தில் பூட்டுவதைக் குறிப்பது. நுகத்தடியைக் குறிக்கும் ‘யோக்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், வடமொழியின் ‘யோகம்’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. (இதோ, நானும் ‘சேர்ந்தவை’ என்றுவிட்டேன்.) ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளிலிருந்து உயிரை இறைவனோடு பூட்டுவது வரை ஒரே வேர் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் தச்சருள் ஒரு பிரிவினருக்கே ‘ஜாயினர்’ என்று பெயர். மரத்தை மரத்தோடு பொருத்துபவர் என்பது பொருள். ஷேக்ஸ்பியரின் கோடைக்கால இரவுக் கனவு நாடகத்தில் சிங்க வேடம் கட்டும் ஸ்னக் என்பவர் அத்தொழிலாளி.

இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் போக்கு கவனிக்கத்தக்கது. இரண்டு மரத்துண்டுகளை ஒருவர் ‘ஜாயின்’ செய்யலாம். இரண்டு சாலைகள் தாமே ‘ஜாயின்’ ஆகலாம். செய்பவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல் வடிவம் ஒன்றே. படையில் சேர்வதற்கும், கட்சியில் சேர்வதற்கும், வரிசையில் போய் நிற்பதற்கும் அதே சொல்தான். இடையில் வேற்றுமை உருபைப் போன்ற முன்னிடைச் சொல் எதுவும் வேண்டா. நம் பிள்ளைகள் ‘ஜாயின்ட் இன் எ காலேஜ்’ என்று எழுதி ஆங்கில ஆசிரியரிடம் திட்டு வாங்குவது இதனால்தான். ‘கல்லூரியில்’ என்ற நம் ‘இல்’ அவர்களை விடுவதில்லை. போர் தொடங்குவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் சொல்வார்கள். இன்னொன்று: ‘ஜாயின் டுகெதர்’ என்பது கூறியது கூறல், ‘டுகெதர்’ வேண்டியதில்லை என்று நடை திருத்தும் ஆங்கில அறிஞர்கள் சிலர் கண்டிப்பார்கள். ஆனாலும் கிறித்தவத் திருமண வழிபாட்டு மொழியில் அந்தத் தொடர் நிலைத்துவிட்டதால் யாராலும் அதனை அகற்ற முடியவில்லை. நமக்கு இதில் வியப்பில்லை. நாமும் ‘ஒன்றாகச் சேர்ந்து’, ‘ஒருங்கிணைந்து’ என்றெல்லாம்தான் எழுதுகிறோம். சேர்வதே ஒன்றாவதுதானே என்று கேட்டால் யாரும் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

தமிழில் ‘சேர்’ அப்படியன்று. சேர்ந்தான், சேர்த்தான் என்று வல்லொற்று ஒன்றில் பொருள் மாறிவிடுகிறது. மெல்லொற்று வந்தால் தானே செய்தது. வல்லொற்று வந்தால் பிறர் செய்வித்தது. இணைந்தது, இணைத்தது, பிணைந்தது, பிணைத்தது. தன்வினை, பிறவினை என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். ஆனால் இந்த ஓர் எழுத்தில் எத்தனை நியாயங்கள் அடங்கியிருக்கின்றன! இரண்டு ஊராட்சிகள் ‘இணைந்தன’ என்று செய்தித்தாள் எழுதினால் ஊரார் விரும்பிக் கைகோத்தார்கள் என்று பொருள். ‘இணைக்கப்பட்டன’ என்றால் யாரோ கையெழுத்திட்டார்கள் என்று பொருள். ஆங்கிலச் செய்தியிலிருந்து விரைந்து பெயர்ப்பவர் இரண்டில் எதைத் தேர்வார் என்பது அவருடைய மனச்சான்றைப் பொறுத்தது. ஆங்கிலம் அவரிடம் அதனைக் கேட்பதில்லை. தமிழ் கேட்கிறது.

கடன் வாங்கிய சொல்லிடமும் தமிழ் இதைக் கேட்காமல் விடுவதில்லை. ‘கனெக்ட் ஆகவில்லை’ என்கிறோம். ‘கனெக்ட் பண்ணு’ என்கிறோம். ‘லிங்க் ஆகிவிட்டதா’ என்பது வேறு, ‘லிங்க் பண்ணிவிட்டாயா’ என்பது வேறு. ஆங்கில வினை நம் வீட்டிற்குள் வருகிறபோது ‘ஆகு’ என்னும் செருப்பையோ ‘பண்ணு’ என்னும் செருப்பையோ போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. விலக்கும் உண்டு. ‘வேலையில் ஜாயின் பண்ணிவிட்டேன்’ என்று தன் செயலையே பிறவினைபோலச் சொல்வோர் பலர். தன்னைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக எண்ணுகிறார்கள்போலும். வேலை கிடைப்பதில் உள்ள பாட்டை நினைத்தால் அதுவும் சரிதான்.

இனி ‘ஐச் சேர்ந்த’ என்னும் தொடருக்கு வருகிறேன். மாணவியின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

பள்ளியில் சேர்ந்தாள் என்பதில் ஏழாம் வேற்றுமை. ஒரு நாள், ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து உண்டு. பாட்டியோடு சேர்ந்து என்பதில் மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சி. மலையைச் சேர்ந்தவள் என்பதில் இரண்டாம் வேற்றுமை. ‘கரையைச் சேர்ந்தான்’ என்பதிலும் இரண்டாம் வேற்றுமைதான். ஆனால் அங்கே ஒரு பயணம் இருக்கிறது, நீந்திய களைப்பு இருக்கிறது. ‘மலையைச் சேர்ந்தவள்’ என்பதில் பயணமே இல்லை. அப்படியானால் இறந்தகாலம் எதற்கு?

சில நாள் சென்ற பின், வகுப்பில் வேறொரு பாடத்தின் இடையில், விடை தானே வந்து நின்றது. ‘உயர்ந்த மலை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மலை எப்போது உயர்ந்தது? முந்தாநாள் தாழ்ந்திருந்து நேற்று உயர்ந்ததா? ‘சிறந்த கவிஞர்’ என்கிறோம். அவர் சிறந்த தேதி எது? ‘நிறைந்த மனம்’, ‘பரந்த வெளி’, ‘அடர்ந்த காடு’ என இவை எல்லாமே இறந்தகால வடிவம் கொண்ட பெயரெச்சங்கள். ஆனால் இவை நடந்து முடிந்த செயலைக் குறிக்கவில்லை; இருக்கும் நிலையைக் குறிக்கின்றன. செயல் முடிந்து நிலையாகிப் போன பிறகு காலம் உதிர்ந்துவிடுகிறது, உருபு மட்டும் நிற்கிறது. ‘மலையைச் சேர்ந்தவள்’ என்பதும் அந்த வகை. அவள் எப்போதும் சேரவில்லை; சேர்ந்தே இருக்கிறாள். மறுநாள் அவளை அழைத்து இதைச் சொன்னேன். “அப்போது ஆங்கிலத்தில் இதற்கு வினைச்சொல்லே இல்லையா அம்மா?” என்றாள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

நம் ஊரையே பாருங்கள். என் வயதையொத்தவர்கள், ரிஷிவந்தியத்தில் பிறந்து இவ்வூரை விட்டு எங்கும் போகாதவர்கள், தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்களாகப் பிறந்தார்கள். 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஆனார்கள். 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே மூன்று மாவட்டங்களைச் சேர்ந்தாயிற்று. இங்கே ‘சேர்ந்த’ என்பதற்குத் தேதியுண்டு. ஆனால் சேர்ந்தவர் நாமல்லர், சேர்த்தவர்கள் வேறு. ‘ரிஷிவந்தியத்தைச் சேர்ந்தவர்’ என்பதோ மாறவில்லை.

அந்தச் சொல்லின் உள்ளேயும் ஒரு சேர்க்கை நடந்திருக்கிறது. ரிஷிவந்தியம் என்னும் ஊர்ப்பெயர் ‘ஐ’ உருபை ஏற்க வேண்டுமானால் தன் ஈற்று மகரத்தை இழக்க வேண்டும். ‘அத்து’ என்னும் சாரியையை நடுவில் இடம் கொடுத்து இருத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ரிஷிவந்தியத்தை ஆகும். மலை என்னும் சொல்லோ எதையும் இழக்காது. ஒரு யகரம் மட்டும் நடுவில் வந்து நின்று இரண்டு உயிர்களையும் இசையச் செய்யும். அந்த எழுத்திற்கு இலக்கணம் இட்ட பெயர் உடம்படுமெய். உடன்படச் செய்யும் மெய் என்பது அதன் பொருள். இரண்டு உயிர்கள் நேரே வந்து மோதினால் ஒலிக்க முடியாது. இடையில் ஒரு மெய் வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டும். பஞ்சாயத்துப் பேசத் தெரிந்த ஊரில் பிறந்தவர்தாம் இந்தப் பெயரை இட்டிருக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சொற்கள் சேர்வதைத் தொல்காப்பியம் ‘புணர்’ என்னும் வினையால் குறிக்கிறது. எழுத்ததிகாரத்தில் ஓர் இயலுக்குப் புணரியல் என்றே பெயர். அதே தொல்காப்பியத்தின் மரபில் குறிஞ்சித் திணையின் உரிப்பொருள் புணர்தல். காதலர் கூடுவதற்கும் சொற்கள் கூடுவதற்கும் ஒரே வினை. முதலாண்டு வகுப்பில் ‘புணர்ச்சி விதிகள்’ என்று பலகையில் எழுதியதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். தொடக்கத்தில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பெண் ஆசிரியை என்பதால் கூடுதலாக. சில மூத்த ஆசிரியர்கள் ‘சந்தி’ என்று எழுதிவிட்டால் தொல்லையில்லை என்று அறிவுரை கூறினார்கள். நான் மாற்றவில்லை. நிலைமொழி, வருமொழி என்ற பெயர்களைப் பாருங்கள்: ஒன்று நின்றுகொண்டிருக்கிறது, ஒன்று வருகிறது. வந்து சேர்ந்த பின் ஒன்று தோன்றலாம், ஒன்று திரியலாம், ஒன்று கெடலாம்; எதுவும் மாறாமல் இயல்பாகவும் நிற்கலாம். இரண்டு பேர் கூடி வாழத் தொடங்கிய வீட்டில் நடப்பவையும் இவைதாம். இதைச் சொன்னதும் பின்வரிசைச் சிரிப்பு அடங்கி வேறு விதமான கவனம் வரும். ஆங்கிலத்து ‘ஜாயின்’ சேர்வதை மட்டும் சொல்கிறது. சேர்ந்ததால் எது கெட்டது, எது திரிந்தது என்று கணக்குப் பார்க்கும் ஓர் இலக்கணத்தையே நம் முன்னோர் எழுதி வைத்தார்கள்.

ஆங்கிலம் ஏழை, தமிழ் செல்வம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் கொள்ள வேண்டா. மேடைக்கு அது எளிது, கைத்தட்டும் கிடைக்கும். உண்மை வேறு. ஆங்கிலத்தில் ‘ஜாயின்’ ஒன்றுதானா உள்ளது? கனெக்ட், அட்டாச், லிங்க், மெர்ஜ், யுனைட், கம்பைன் என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அவை அனைத்தையும் நாம் இன்று தமிழில் ஒரே சொல்லால் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். இணை, இணைப்பு. மின் கம்பி வந்தால் இணைப்பு. கடிதத்தோடு தாள் வைத்தால் இணைப்பு. மின்னஞ்சலோடு கோப்பு வந்தால் இணைப்பு. பக்கத்திலிருந்து பக்கம் தாவினால் இணைப்பு. இரண்டு வங்கிகள் ஒன்றானால் இணைப்பு. நாளிதழோடு இலவசமாக வரும் பக்கங்களும் இணைப்பு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகமெங்கும் மின் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னார்கள். இணைப்பை இணைக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் என்னிடம், “கனெக்ஷனோட ஆதாரை லிங்க் பண்ணணுமாம்மா?” என்று கேட்டார். இரண்டு ஆங்கிலச் சொற்களால் அவர் தெளிவாகக் கேட்டார். ஒரே தமிழ்ச் சொல்லை இருமுறை எழுதி அறிவிப்பு குழப்பியது. குற்றம் தமிழின்மீது அன்று. நம் சோம்பலின்மீது.

‘இணையம்’ என்னும் சொல்லை நான் குறை கூறவில்லை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அவர்களின் பெயரோடு அச்சொல்லின் பிறப்பைச் சேர்த்துச் சொல்வார்கள். அழகிய ஆக்கம் அது. மக்கள் நாவில் நிலைத்தும் விட்டது. என் வருத்தம் அதன் தாய்ச்சொல்லைப் பற்றியது. இணை என்றால் அடிப்படையில் சோடி, ஒப்பு. ஈடிணை என்கிறோம். இரண்டும் நிகராக இருந்தால்தான் இணை. ஆங்கிலத்து ‘ஜாயின்ட்’ என்னும் அடைமொழியைப் பெயர்க்கும்போது இந்த நுட்பம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஏறக்குறைய நிகரான பதவிக்கு இணை இயக்குநர். பலர் கூடிய அமைப்பிற்குக் கூட்டுக் குழு. வீட்டிற்குக் கூட்டுக் குடும்பம். யாரும் ‘இணைக் குடும்பம்’ என்பதில்லை, அங்கே நிகர் இல்லை என்பதை அறிந்துதான் போலும்! கணக்கு வகுப்பில் இணைகோடுகள் என்று படித்தோமே, அவை எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகள். ஒருபோதும் சேராதவற்றிற்கு இணை என்று பெயர். இரு மனம் இணையும் திருமண விழா என்று அழைப்பிதழ் அடிப்பவர்கள் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். கவிஞர்களும் எண்ணிப் பார்க்கலாம். நம் வட்டத்தின் கவிதைத் தொகுப்புகளைப் புரட்டினால் இந்தச் சொல் விழாத பக்கம் குறைவு.

அன்றாட வாழ்வில் நம் மக்கள் எத்தனை வகையாகச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். வாசலில் பூ விற்கும் அம்மா பூவைக் கட்டுகிறார். ஊசியில் நூலேற்றிப் பூவின் நெஞ்சில் செலுத்தினால் கோக்கிறார். கட்டிய பூவில் முடிச்சு உண்டு, கோத்த பூவில் துளை உண்டு. வாடும்போது இரண்டும் வேறு வேறாக வாடும். (கைகோத்து என்பதே முறையான வடிவம், கைகோர்த்து என்று ரகர ஒற்றுப் போட்டு எழுதுவது பரவிவிட்டது. நான் இன்னும் சிவப்பு மையால் சுழிக்கிறேன். எத்தனை நாள் சுழிப்பேன் என்று தெரியவில்லை.) புதிய கைலி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லித் தையற்காரரிடம் கொடுக்கிறோம்; அதற்கு மூட்டுதல் என்று பெயர். மூட்டு என்றால் எலும்பு சேருமிடமும் அதுவே. அடுப்பு மூட்டுகிறோம், இருவருக்குள் சண்டையையும் மூட்டிவிடுகிறோம். ஆங்கிலேயர் ‘ஜாயின்’ என்பதைப் போருக்குப் பயன்படுத்துவதைக் கண்டு வியக்க என்ன இருக்கிறது? மாமரத்தில் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒரு வேரில் வேறொரு கிளை. மருமகளைப் பற்றிச் சொல்லும்போதும் ‘இன்னும் ஒட்டவில்லை’ என்கிறார்கள். அது தோட்டக்காரர் சொல்தான்.

ஆறுகளுக்கு வேறு சொல். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் நீரும் மணிமுத்தாற்றின் நீரும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. கலத்தல் என்றால் பிரிக்க முடியாதபடி ஒன்றாதல். ஆறு கலந்த பின் இது கோமுகி நீர், இது மணிமுத்தாற்று நீர் என்று யார் காட்ட முடியும்? கூடுமிடத்திற்கு மட்டும் கூடுதுறை, முக்கூடல் என்று பெயரிட்டுக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறானது நம் ஊர்க் கோயில். அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிடேகத்தின்போது இலிங்கத் திருமேனியில் அம்மையின் உருவும் தெரியும் என்பது இங்கே வழிவழி வரும் நம்பிக்கை. அங்கே கலத்தல் இல்லை. பாதி பாதியாகவே இருக்கிறது. ஆனாலும் மேனி ஒன்று. இதற்கு என்ன வினை இடுவது? இணைதல் என்றால் இரண்டாகிவிடுகிறது. கலத்தல் என்றால் ஒருவர் காணாமல் போகிறார். ‘ஒரு பாகம் கொண்டவன்’ என்று பெயராகச் சொல்லி வினையைத் தவிர்த்துவிட்டார்கள் நம் புலவர்கள். சொல் இல்லாத இடத்தில் சொல்லைத் திணிக்காமல் நகர்ந்த அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் யாப்பைப் பற்றி ஒரு சொல்லாவது பேச வேண்டும். யாப்பு என்பதே யாத்தல், அதாவது கட்டுதல். அதன் உறுப்புகளில் இரண்டிற்குச் சேர்க்கையைக் குறிக்கும் பெயர்கள்: தளை, தொடை. தொடை பூத்தொடுப்பதிலிருந்து வந்தது என்பதால் யாரும் அதனோடு சண்டைக்குப் போவதில்லை. தளை மட்டும் பாவம். விலங்கு என்னும் பொருளும் அதற்கு உண்டாகையால், ‘தளையறுத்து வந்தோம்’ என்று முழங்காத புதுக்கவிஞர் அரியர். அறுக்கட்டும், நான் தடுக்கவில்லை. என் முனைவர் பட்ட ஆய்வே புதுக்கவிதை பற்றியதுதான். ஆனால் அறுப்பதற்கு முன் அது என்ன கட்டு என்று பார்க்க வேண்டாமா?

தளை என்பது இரண்டு சீர்களுக்கு நடுவே உள்ள உறவு. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் எவ்வாறு சந்திக்கின்றன என்பதே செய்தி. ஆசிரியத்தில் மா முன் நேரும் விளம் முன் நிரையும் வரும். ஒத்தது ஒத்ததோடு சேர்கிறது. அகவலின் நடை அதனால்தான் பேச்சுப்போல ஓடுகிறது. இயற்சீர் வெண்டளையிலோ மா முன் நிரையும் விளம் முன் நேரும் வரும். மாறுபட்டது மாறுபட்டதோடு சேர்கிறது. காய்ச்சீர் வரும்போது மட்டும் காய் முன் நேர் என்று அந்த விதி திரும்பிக்கொள்கிறது. வெண்பாவின் இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருக்கிறேன். வேற்றுமை உடையவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பிடித்திருக்கும் இறுக்கம் அது. புதுக்கவிதையில் ஒரு படிமத்தை அடுத்து இன்னொரு படிமத்தை வைக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. ஒத்ததை வைக்கப் போகிறோமா, மாறுபட்டதை வைக்கப் போகிறோமா? அசை போனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. நம் வட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் படிக்கப்பட்ட கவிதைகளில் தோற்றவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றன என்பது என் கணிப்பு. வரி தனித்தனியே நன்றாக இருக்கும். அடுத்த வரி ஏன் அடுத்த வரியாக இருக்கிறது என்பது தெரியாது.

இன்னும் ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்த உரை நேர்மையானதாக இராது. சேர் என்பதிலிருந்து பிறந்தது சேரி. மக்கள் சேர்ந்து வாழுமிடம் என்பது அதன் பொருள். பழைய இலக்கியத்தில் அது இழிவுச் சொல் அன்று. குடியிருப்பு என்பதே பொருள். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் அக்கல்வெட்டுகளில் முப்பது குடும்புகளோடு பன்னிரண்டு சேரிகள் பேசப்படுகின்றன. அது ஒரு பிரமதேயம், அந்தணர் குடியிருப்பு. அங்கிருந்த பகுதிகளுக்கே சேரி என்று பெயர். பின்னாளில் அந்தச் சொல் யார்மேல் போய் நின்றது என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும் என்று இரண்டாகச் சொல்லும் வழக்கில் வளர்ந்தவர்கள் நாம். சேர்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல்லை, சேர்த்துக்கொள்ளாதவர்களை ஒதுக்கிய இடத்திற்குப் பெயராக வைத்தோம். இதற்கு ஆங்கிலேயன் காரணமல்லன், அகராதிக்காரரும் காரணமல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தபோது, அவர்கள் வழக்கில் உள்ளதைத்தான் தொகுத்தார்கள். வழக்கை ஆக்கியவர்கள் நம் பாட்டன்மார்கள். ‘சேர்த்துக்கொள்’ என்பதில் உள்ள ‘கொள்’ என்னும் துணைவினையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். கொள்பவர் யார், கொள்ளப்படுபவர் யார் என்று அந்தத் துணைவினை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மீண்டும் மாணவியிடம் வருகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு வினையே இல்லையா என்று கேட்டாளல்லவா? ‘பிலாங்’ என்னும் சொல்லைக் காட்டினேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஐ பிலாங் டு தி ஹில்ஸ் என்றால் மலைக்கு நான் உரியவள். அப்போது தி ஹில்ஸ் பிலாங் டு அஸ் என்றால்?” என்று கேட்டாள். மலை எங்களுக்கு உரியது என்று பொருள் என்றேன். “தமிழிலும் அப்படித்தானே அம்மா? நாங்கள் மலையைச் சேர்ந்தவர்கள். அந்த நிலம் எங்களைச் சேர்ந்தது. இரண்டிற்கும் ஒரே சொல்தானே?” என்றாள்.

நான் அதுவரை கவனிக்காத ஒன்று அது. ஆளை இடத்தோடு கட்டுவதற்கும் இடத்தை ஆளோடு கட்டுவதற்கும் ஒரே இரண்டாம் வேற்றுமை, ஒரே வினை. ஆள் மலையைச் சேர்ந்தால் அது பிறப்பு. நிலம் ஆளைச் சேர்ந்தால் அது உடைமை. அதற்குப் பட்டா வேண்டும், ஆவணம் வேண்டும், அதிகாரி வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் விண்ணப்பிப்பவர்கள் காலங்காலமாக இங்கேயே இருக்கிறோம் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. ‘சேர்ந்தவர்கள்’ என்பதில் காலம் இல்லை என்று இலக்கணம் பேசினேனே, அங்கே காலம் கேட்கிறார்கள். தலைமுறைக் கணக்கில் கேட்கிறார்கள். அவளுடைய முதல் கேள்வி, எப்போது சேர்ந்தேன் என்பது, இலக்கணக் கேள்வியாக மட்டும் இருந்திருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆங்கிலப் படிவத்தில் அந்த வாக்கியத்தை அவள் அடித்துவிட்டாள். ஊர்ப்பெயர் கேட்டிருந்த கட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினாள். தமிழ்ப் படியைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். இரண்டிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அவற்றை மட்டும் இட்டேன். முதல் வாக்கியத்தில் நான் கைவைக்கவில்லை.